குத்தகை நிலத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்வது எப்படி? டெல்டா சாகுபடிதாரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடமுருட்டிப் பாசனத்தில் ஐந்து மா (மூன்று மா ஓர் ஏக்கர்) நஞ்சையை என் தந்தை முப்பத்து நான்கு ஆண்டுகள் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அவர் காலமான ஆறாவது மாதத்தில், சென்னையில் இருந்த நில உடைமையாளரின் பிள்ளைகள் அந்த நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தாளடி நாற்று முளைத்து நின்ற வயலில் நில அளவையரோடு வந்து நின்று, "உங்கள் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள குத்தகை உரிமைப் பதிவேட்டில் என் தந்தையின் பெயர் ஒருபோதும் ஏறவில்லை என்பது அன்றைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் பெயரைப் பதிவு செய்து முடிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக் காலம், எந்தத் தாளை எங்கே கேட்பது என்று தெரியாமலேயே கழிந்தது. உங்களுக்கு அந்தப் பாதிக் காலமாவது மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும், திருச்சி, கடலூர் மாவட்டங்களின் காவிரிப் பாசனப் பகுதிகளிலும் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாமே உழைத்துச் சாகுபடி செய்பவர்களுக்கு இது பயன்படும். வீட்டு வாடகை, மனைத் தகராறு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. அவற்றுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

1. நீங்கள் சட்டப்படி "சாகுபடி குத்தகைதாரர்"தானா என்று பாருங்கள்

உங்களுக்குப் பாதுகாப்புத் தருவது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். உங்கள் பெயரைப் பதிவு செய்ய வழிவகுப்பது 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். முதல் சட்டத்தின் வரையறைக்குள் நீங்கள் வந்தால்தான் இரண்டாவது சட்டத்தின் கீழ் மனுச் செய்வதில் பொருள் உண்டு.

அந்த வரையறையின் உயிர்நாடி உடலுழைப்பு. நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ அந்த நிலத்தின் சாகுபடியில் உடலுழைப்பைச் செலுத்த வேண்டும். ஆள் வைத்து நடவு நட்டாலும் இயந்திரம் வைத்து அறுத்தாலும் தவறில்லை. ஆனால் மடை திருப்புவது, வரப்பு வெட்டுவது, உரம் இடுவது என்று உங்கள் வீட்டார் வயலில் இறங்கியிருக்க வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாய்மொழிக் குத்தகையையும், நடத்தையால் ஊகிக்கத்தக்க குத்தகையையும் சட்டம் ஏற்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தைத் தொடர்ந்து வைத்திருப்பவரும், இறந்துபோன குத்தகைதாரரின் இடத்தில் அதே உழைப்பைத் தொடரும் வாரிசும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள்.

வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒத்திக்கு, அதாவது போக்கியத்துக்குப் பணம் கொடுத்து நிலத்தை வைத்திருப்பவர் குத்தகைதாரர் அல்லர். அவருடைய உரிமை அடமான உரிமை. சம்பளத்துக்கு வயலைப் பார்த்துக்கொள்பவரும் குத்தகைதாரர் அல்லர். குத்தகைக்கு எடுத்து இன்னொருவருக்கு உள்குத்தகை விட்டவர் வெறும் இடைத்தரகராகிவிடுகிறார். பாதுகாப்பு வயலில் உழைக்கும் உள்குத்தகைதாரருக்குப் போய்விடும். திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும்போது இரண்டு போகம் மட்டும் பங்காளியிடம் விட்டுவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் சாதாரணம். வீட்டில் மனைவியோ தாயோ உடன்பிறந்தவரோ சாகுபடியைத் தொடர்கிறார்கள் என்றால் அடங்கல் என்ற கிராமச் சாகுபடிக் கணக்கும் குத்தகை ரசீதும் அவர்கள் பெயரில் வருமாறு அப்போதே செய்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். "பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தால் நிலம் நமக்கே சொந்தம்" என்று டீக்கடையில் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டு என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் வரும் எதிரிடை அனுபவத்துக்கான கணக்கு. உடைமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடையறாமல் அனுபவித்தவருக்குத்தான் அது பொருந்தும். குத்தகைதாரர் உடைமையாளரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர். அவர் ஐம்பது ஆண்டு உழுதாலும் அந்த அனுபவம் எதிரிடை ஆகாது. அதைவிடக் கொடியது, அந்த வாதத்தை எடுத்தால் உங்களுக்கு உள்ள உண்மையான பாதுகாப்பும் போகும். உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று. நீங்கள் கொடுக்கும் எந்த மனுவிலும் "நிலம் எங்களுக்கே பாத்தியப்பட்டது" என்ற வாசகம் இருக்கக்கூடாது. மனு எழுதிக் கொடுப்பவர் பழக்கத்தில் அப்படி எழுதிவிடுவார். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

2. நிலத்தின் தாள்களை எடுங்கள்

இதற்கு ஒரு வாரம் போதும். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (புல எண் வாரியாக நில விவரம் உள்ள கிராமப் பதிவேடு) ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்த்து அச்செடுக்கலாம். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறையின் இணையத்தளத்தில் வில்லங்க விவரத்தையும் பாருங்கள். நிலம் யாருக்கு எப்போது கைமாறியது என்பது அதில்தான் தெரியும். எங்கள் நிலம் விற்கப்பட்டது எனக்குத் தெரியவந்தது, விற்று நான்கு மாதங்களுக்குப் பிறகு.

நிலம் விற்கப்பட்டதாலேயே உங்கள் குத்தகை முடிந்துவிடாது என்பதை மனத்தில் வையுங்கள். வாங்கியவர் பழைய உடைமையாளரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். நிலத்தை வேறொருவர் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அனுபவத்துக்குரிய உரிமை வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததாகவே சொத்து மாற்றுச் சட்டம் கொள்கிறது. "எனக்குத் தெரியாது, காலி மனை என்று சொல்லி விற்றார்கள்" என்ற பேச்சு செல்லாது.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய ரசீதுகளிலும் ஒப்பந்தங்களிலும் உள்ள புல எண்ணும் இப்போதைய பட்டாவில் உள்ள எண்ணும் வேறுபடலாம். மறு நில அளவையிலும் உட்பிரிவிலும் எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் பதிவின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்காவிட்டால், உங்கள் ரசீது வேறு ஏதோ நிலத்துக்குரியது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

3. சாகுபடிச் சான்றுகளைச் சேருங்கள்

இந்த வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது. வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

முதல் சான்று அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலிக்கும் எழுதும் கிராமக் கணக்கு எண் 2 என்பது இதுவே. பசலி என்பது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அடங்கலில் எந்தப் புல எண்ணில், எந்தப் போகத்தில், எந்தப் பயிர், யார் சாகுபடி என்று எழுத வேண்டும். நடைமுறையில் பல ஊர்களில் பட்டாதாரரின் பெயரையே சாகுபடிதாரர் இடத்திலும் எழுதிவிடுகிறார்கள். எங்கள் வயலுக்கு எடுத்த பன்னிரண்டு பசலி அடங்கலில் நான்கில் மட்டுமே என் தந்தையின் பெயர் இருந்தது; மற்ற எட்டில், ஊருக்கு வந்தே இருபது வருஷம் ஆன உடைமையாளர் குறுவையும் தாளடியும் பயிரிட்டதாக எழுதியிருந்தது. இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கிடைக்கிற எல்லாப் பசலிக்கும் நகல் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் தரத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுச் செய்யுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நான் இந்த வழியில்தான் பெற்றேன்.

இரண்டாவது, குத்தகை ரசீது. என் தந்தை தம் ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தார். டப்பாவின் அடி துருப்பிடித்துக் கறையான் ஏறியிருந்தது. மொத்தம் முப்பத்தொன்று இருந்தன; அவற்றில் ஒன்பதில் மட்டுமே புல எண் இருந்தது. மற்றவற்றில் "குத்தகை நெல் பத்துக் கலம் வரவு" என்று எழுதி, கீழே ஓர் இனிஷியல். எந்த வருடம், எந்த நிலம், யாரிடமிருந்து என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. ஒரு ரசீது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாளில் அச்சாகியிருந்த தேதியே அதற்கு வருடத்தைக் கொடுத்தது. அந்த உடைமையாளருக்கு எங்கள் ஊரில் வேறு மூன்று துண்டு நிலங்கள் இருந்ததால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அத்தனை ரசீதையும் அந்த நிலங்களின் கணக்கில் சேர்த்துவிட்டார். இனிமேல் நீங்கள் வாங்கும் ரசீதில் ஆறு விஷயங்கள் இருக்கட்டும்: தேதி, பசலி, புல எண், பரப்பு, கொடுத்தவரின் முழுப்பெயர், வாங்கியவரின் முழுக் கையெழுத்து. ரசீது எழுதித்தர மறுப்பவருக்குப் பணத்தை வங்கிக் கணக்கில் அனுப்பி, குறிப்பில் "குத்தகை" என்ற சொல்லையும் பசலியையும் எழுதுங்கள்.

மூன்றாவது, அரசு சார்ந்த பிற பதிவுகள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டதற்கான சீட்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிய சீட்டு, வெள்ள நிவாரணப் பட்டியலில் உள்ள பெயர் ஆகியவை நல்ல சான்றுகள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா, தாளடிக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். காப்பீட்டுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் உங்கள் பெயருக்குக் கொடுக்கும் சாகுபடிச் சான்றின் நகலை ஒவ்வோர் ஆண்டும் எடுத்து வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பயிர் நிவாரணம் பெற்றிருந்தால் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் நகலெடுங்கள்.

பி.எம். கிசான் உதவித்தொகை நில உடைமையாளர் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. உடைமையாளர் அதைப் பெறுகிறார் என்பதை அவரே சாகுபடி செய்வதற்கான சான்றாக எதிர்த்தரப்பு நீட்டும். அந்தத் தொகை உடைமையை வைத்துக் கொடுக்கப்படுவது, உழைப்பை வைத்து அன்று என்பதை உங்கள் பதிலில் தெளிவாக எழுதுங்கள்.

நான்காவது, அண்டை வயல்காரர்கள். நான்கு எல்லையிலும் உள்ளவர்களில் குறைந்தது இருவர் விசாரணைக்கு வந்து சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அவர்களுக்கும் உடைமையாளரோடு கொடுக்கல் வாங்கல் இருக்கும். வருத்தப்பட வேண்டியதில்லை, வருபவரைக் கொண்டு வேலையை நடத்துங்கள்.

4. குத்தகையை நிறுத்தாதீர்கள்

தகராறு தொடங்கியதும் பலர் செய்யும் முதல் தவறு, "பிரச்சினை முடியட்டும், பிறகு அளக்கலாம்" என்று குத்தகையை நிறுத்துவது. உங்களை வெளியேற்ற எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் மிக எளிதான காரணம் அந்தப் பாக்கிதான். குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

வாங்க மறுத்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. குத்தகைப் பணத்தை, நெல்லாகக் கொடுக்கும் குத்தகை என்றால் செலுத்தும் நாளின் சந்தை மதிப்பை, உடைமையாளரின் கணக்கில் வருவாய் நீதிமன்றத்தில் செலுத்தலாம். தஞ்சாவூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் போன்ற இடங்களில் தனித்துணை ஆட்சியர் தலைமையில் இந்த நீதிமன்றங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டம் எதற்கு உட்பட்டது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். முதலில் ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் "குத்தகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு கடிதம் அனுப்பி, அது திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நான் முதல் கடிதத்தை என்ன எழுதினேன் என்று பார்க்கப் பிரித்துவிட்டேன். உள்ளே இருந்தது அந்தக் கடிதம்தான் என்று காட்ட முடியாமல் போயிற்று.

எவ்வளவு செலுத்துவது? ஒப்பந்தப்படி கொடுத்து வந்ததை. அது அநியாயமாக அதிகம் என்றால், 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் சராசரி மொத்த விளைச்சலில் 25 சதவீதத்தை நியாயக் குத்தகையாக வைக்கிறது. அதை நிர்ணயிக்கக் கோரித் தனியாக மனுச் செய்ய வேண்டும். நீங்களாகக் குறைத்துக்கொண்டு செலுத்தினால் மீதி பாக்கியாகவே கருதப்படும். பாக்கி விழுந்து வெளியேற்ற மனு வந்துவிட்டாலும், வருவாய் நீதிமன்றம் பாக்கியைச் செலுத்தத் தவணை கொடுக்கலாம். கொடுத்த நாளுக்குள் செலவுத்தொகையோடு கட்டிவிட்டால் வெளியேற்றம் இல்லை. அந்தத் தவணையில் ஒரு நாளைத் தவறவிட்டவர்கள் எல்லாவற்றையும் இழந்ததை நான் அந்த நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

5. வாரிசுத் தாள்கள்

தந்தையோ தாயோ குத்தகைதாரராக இருந்து இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். உடன்பிறந்தவர்களில் வயலில் உழைப்பவர் யாரோ அவர் பெயரில் பதிவு கேளுங்கள். மற்றவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள்.

6. மனுவைக் கொடுங்கள்

மனு, பதிவு அலுவலராகச் செயல்படும் வட்டாட்சியருக்கு. இதுவரை பதிவே இல்லை என்றால் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4இன் கீழ் பெயரைச் சேர்க்கக் கோர வேண்டும். இறந்தவரின் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்து அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் பிரிவு 5இன் கீழ் திருத்தம் கோர வேண்டும். பிரிவை மாற்றி எழுதியதால் மட்டும் ஓராண்டு வீணானவர்கள் உண்டு. ஆகவே மனுவுக்கு முன், உங்கள் கிராமத்தின் குத்தகை உரிமைப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு என்ன பதிவாகியிருக்கிறது என்று நகல் கேளுங்கள். வேறு யாரோ ஒருவரின் பெயர் அதில் இருந்தால் அதையும் அப்போதே தெரிந்துகொள்வீர்கள்.

மனுவில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, உடைமையாளரின் பெயரும் முகவரியும், எந்தப் பசலியிலிருந்து சாகுபடி, குத்தகை எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பவை இருக்கட்டும். பரப்பை மாவிலும் குழியிலும் எழுதினால் அடைப்புக்குள் ஏர் (100 சதுர மீட்டர்), சென்ட் கணக்கையும் எழுதுங்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற நம் கணக்கு அலுவலகப் பதிவேட்டில் இருக்காது. எதிர்மனுதாரராகப் பட்டாவில் உள்ள அத்தனை பேரையும், நிலத்தை வாங்கியவரையும் சேருங்கள். எங்கள் வழக்கில் திருமணமாகி வேறு ஊரில் இருந்த கூட்டுப் பட்டாதாரர் ஒருவரை நான் விட்டுவிட்டேன். அவருக்கு அறிவிப்பு போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, எனக்குச் சாதகமாக வந்த முதல் உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தாகி, விசாரணை தொடக்கத்திலிருந்து நடந்தது. பதினொரு மாதங்கள் அதில் போயின.

மனுவை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரையும் வரிசை எண்ணும் வாங்குங்கள். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருவாய்த் தீர்வாயத்தில், கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், பதிவாகும், ஆனால் இது விசாரித்து உத்தரவிட வேண்டிய மனு என்பதால் அங்கே அன்றே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எப்போது கொடுப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: களஆய்வு பயிர் நிற்கும்போது நடக்க வேண்டும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் தரிசைப் பார்த்து ஆய்வாளர் என்ன எழுதுவார்? ஆடி, ஆவணியில் மனுக் கொடுத்தால் ஆய்வு பெரும்பாலும் சம்பாவோ தாளடியோ நிற்கும்போது அமையும்.

7. களஆய்வும் விசாரணையும்

வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் வயலுக்கு வருவார்கள். வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அண்டை வயல்காரர்களோடு அங்கே இருங்கள். எங்கள் வயலுக்கு வந்த ஆய்வாளர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டு, "இந்தப் பொது வரப்பை யாருங்க வெட்டுறது?" என்று கேட்டார். "அவங்க அப்பா வெட்டுவாரு, இப்ப அந்தத் தம்பி வெட்டுது. இந்தப் பக்கம் நான்" என்றார் அவர். அந்த ஒரு பதில் ஆய்வறிக்கையில் அப்படியே ஏறியது. அறிக்கையின் நகலைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். அதில் பிழை இருந்தால் அடுத்த விசாரணையிலேயே எழுத்து மூலம் மறுத்துரையுங்கள்.

வட்டாட்சியர் முன் நடக்கும் விசாரணையில் அசல் தாள்களைக் காட்டி நகல்களை மட்டும் கொடுங்கள். அசலைக் கேட்டால் ஒப்புகை பெறாமல் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது. பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

சமாதானக் கூட்டம் என்று காவல் நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கூப்பிடுவார்கள். போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் "தை அறுவடைக்குப் பின் நிலத்தை ஒப்படைக்கிறேன்" என்ற வாசகம் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நடப்புப் பயிரை அறுத்துக்கொள்ளச் சம்மதம்" என்று அவர்கள் பக்கம் விட்டுக்கொடுப்பதுபோல் எழுதப்பட்ட தாளின் கடைசி வரியில் அது இருக்கும். எனக்கு நீட்டப்பட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதற்காக இரண்டு மணி நேரம் பேசினார்கள். அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

8. இடையில் வெளியேற்ற முயன்றால்

குத்தகைப் பதிவு ஆகவில்லை என்பதால் உங்களை இழுத்து வெளியே விட முடியாது. பதிவு உங்கள் நிலைக்குச் சான்று மட்டுமே. பாதுகாப்பு 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. குத்தகைப் பாக்கி, நிலத்தைச் சேதப்படுத்துதல், விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடைமையாளரின் உரிமையை மறுத்தல் என்று சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, வருவாய் நீதிமன்றத்தில் மனுச் செய்து உத்தரவு பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். சிறு உடைமையாளர் தாமே சாகுபடி செய்வதற்காக ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அதுவும் அதே நீதிமன்றம் வழியாகத்தான்.

வயலில் இயந்திரத்தை இறக்கினால் அன்றே தேதி தெரியும்படி படம் எடுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்குங்கள், அதே வாரத்தில் வருவாய் நீதிமன்றத்தில் நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கக் கோரி மனுச் செய்யுங்கள். இதற்குக் காலக்கெடு குறுகியது; ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். எதிர்த்தரப்பு உரிமையியல் நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரியாமல் தடையுத்தரவு வாங்கிவிடும் என்ற அச்சம் இருந்தால் முன்னதாகவே கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்னறிவிப்பு மனு) தாக்கல் செய்யுங்கள். அது 90 நாட்களுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் 30 நாட்களுக்குள் எழுத்துரை தாக்கல் செய்ய வேண்டும். யார் குத்தகைதாரர் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கே உரியது, உரிமையியல் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16-ஏ சொல்வதை அதில் குறிப்பிடுங்கள்.

9. கோயில், மட நிலம் என்றால்

டெல்டாவில் குத்தகை நிலத்தில் கணிசமான பங்கு இதுதான். இங்கே காலம் உங்களுக்காக ஓடுவதே இல்லை. இந்து சமய அறநிலையச் சட்டம், 1959இன் பிரிவு 109 காரணமாக, கோயில் சொத்தை எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் காலவரையறையைச் சொல்லி உரிமை கோர முடியாது. குத்தகைதாரராக ஏற்கப்படாமல் வெறும் அனுபவத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பாளர் என்று பிரிவு 78இன் கீழ் நடவடிக்கை வரும். ஆகவே கோயில் ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தாத்தா பெயரிலேயே இன்னும் ரசீது வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். கோயிலின் செயல் அலுவலரிடம் வாரிசு பெயர் மாற்றத்துக்கு உடனே எழுதிக்கொடுங்கள். பாக்கியை முதலில் கட்டச் சொல்வார்கள். தவணை கேட்டாவது கட்டிவிடுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும் என்பதால், உள்ளூரில் யாரோ எழுதிக்கொடுத்த நீண்டகால ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

10. உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். பாதகமான உத்தரவென்றால் மேல்முறையீடும், அதன்பின் சீராய்வும் உண்டு. யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பது உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும்; நாட்களை எண்ணத் தொடங்குவது உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து என்பதால் தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். சாதகமான உத்தரவென்றால், பதிவேட்டில் உங்கள் பெயர் உண்மையிலேயே ஏறிவிட்டதா என்று நகல் எடுத்துப் பாருங்கள். உத்தரவு கோப்பில் இருக்கும், பதிவேட்டில் ஏறியிருக்காது. எனக்கு அது ஏற இன்னும் மூன்று மாதமும் ஏழு நடையும் ஆயின. ஏறிவிட்டால் அந்தப் பதிவு, மாறாக நிரூபிக்கப்படும் வரை உண்மையென்றே கொள்ளப்படும்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கட்டணங்கள் மிகக் குறைவு. எனக்கு நகல், தட்டச்சு, தபால், பேருந்து எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டவில்லை. வழக்கறிஞர் கட்டணம் தனி. "வேகமாக முடித்துத் தருகிறேன்" என்று அலுவலக வாசலில் பணம் கேட்பவர்களிடம் கொடுத்த ஐயாயிரம் எனக்கு எந்தப் பயனும் தரவில்லை. விசாரணை நாட்களில் போன கூலியையும் கணக்கில் வைத்துக்கொண்டு, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்று திட்டமிடுங்கள். மேல்முறையீடு வந்தால் இரட்டிப்பாகும்.

இப்போது குத்தகை நெல்லை அளக்கும் நாளிலேயே ரசீதைப் படம் எடுத்து அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பிவிடுகிறேன். பசலி முடிந்ததும் ஜூலை முதல் வாரத்தில் அடங்கல் நகல் வாங்குகிறேன். போன ஆண்டு நகலில் பரப்பு ஐந்து மாவுக்குப் பதில் நான்கு மா என்று குறைந்திருந்தது. அன்றே திருத்த மனுக் கொடுத்திருக்கிறேன்.